நிறம் மாறாத உலோகம்

நியூசிலாந்தில் அலுமினியக் கார்ச் சில்லை யாரும் அலுமினியச் சில்லு என்று சொல்வதில்லை. 'மாக்' என்பார்கள். மக்னீசியம் என்ற சொல்லின் முதல் துண்டு அது. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் அமெரிக்காவில் டெட் ஹாலிபிராண்ட் என்பவர் பந்தயக் கார்களுக்கு மக்னீசியத்தில் சில்லு வார்த்தார். பாரம் மிகக் குறைவு; பார்க்கவும் பளபளப்பு. பந்தயத் திடலில் கண்டதைத் தெருவில் ஓடுகிறவர்களும் விரும்பினார்கள். ஆனால் மக்னீசியம் ஈரத்தில் அரித்துப் போகும், விலையும் கூட. ஆகவே தெருவுக்கு வந்தது அலுமினியக் கலவை. பெயர் மட்டும் பழைய உலோகத்தோடு நின்றுவிட்டது. நான் வசிக்கும் பிளாக்ஹவுஸ் பேயில் வீட்டுக்கு வீடு நிற்கும் கார்களில் ஒன்றிலாவது மக்னீசியச் சில்லு இருக்குமா என்பது சந்தேகம். ஆனாலும் எல்லாம் 'மாக்'தான்.

பெயர் பழைய உலோகத்தில் தங்குவதுபோல, நம்முடைய கையும் பழைய உலோகத்தில் தங்கிவிடுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

எங்கள் பக்கத்துத் தெருக்கள் மனுகாவ் துறையை நோக்கிச் சரிந்து இறங்குபவை. ஒடுங்கிய வளைவுகள், உயர்ந்த கொங்கிரீட் விளிம்புகள். மழைக்குப் பிறகு வீதியில் திடீரென்று குழி தோன்றும். இங்குள்ள தமிழர் வீட்டுக் கொண்டாட்டங்களில் ஆண்கள் கராச் பக்கம் ஒதுங்கும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும்: "மாக் விளிம்பு நெளிஞ்சு போச்சு, தட்டி எடுக்கலாமோ?" மூத்தவர் ஒருவர் உடனே, "ஊரில எத்தனை றிம் தட்டி எடுத்தனாங்கள், தம்பி! சுத்தியலும் ஒரு மரக்கட்டையும் போதும்" என்பார். இங்கே படித்து வளர்ந்த பிள்ளை ஒன்று, "வேண்டாம் மாமா, புதுசு போடுங்கோ" என்று சொல்லும். இருவரும் காரணம் சொல்வதில்லை. ஒருவர் அனுபவத்தை நம்புகிறார், மற்றவர் விதியை நம்புகிறார். காரணம் வரலாற்றில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் இருவரும் எந்த அளவுக்குச் சரி என்பதும் தெரியும்.

சிவக்கும் இரும்பு

மாட்டுவண்டிச் சில்லில் குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் மரம். அந்த மரத்தை இறுக்கிப் பிடிப்பது வெளியே போட்ட இரும்புப் பட்டை. தச்சர் செய்த சில்லைவிட ஒரு மட்டு சிறிதாகவே கொல்லர் பட்டையை வளைத்து ஒட்டுவார். பிறகு வட்டமாக நெருப்பு மூட்டி அதில் பட்டையைக் கிடத்துவார். இரும்பு சிவக்கும், விரியும். இரண்டு மூன்று பேர் குறட்டால் தூக்கி மரத்தின்மேல் இறக்கியதும் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி, மூட்டுகள் நெரிந்து சத்தமிட, சில்லு ஒரே உடம்பாகிவிடும்.

இந்த வேலை முழுவதும் கண்ணால் நடந்தது. இரும்பு ஏறத்தாழ 500 பாகை செல்சியஸைத் தாண்டியதும் இருட்டில் மங்கலாகச் சிவக்கத் தொடங்கும். பிறகு செம்பழ நிறம், அதன்பின் ஆரஞ்சு, மஞ்சள். எந்த நிறத்தில் வளைக்கலாம், எந்த நிறத்தில் ஒட்டலாம், எந்த நிறத்தில் நீரில் தோய்க்கலாம் என்பது கொல்லர் குடும்பத்துப் பிள்ளைக்குப் பத்து வயதிலேயே தெரியும். வெப்பமானி இல்லாத காலத்தில் இரும்பே தன் வெப்பத்தைச் சொன்னது.

காதாலும் இரும்பைப் படித்தார்கள். பழைய ரயில் நிலையங்களில் நீண்ட பிடி போட்ட சுத்தியலோடு ஓர் ஊழியர் பெட்டிக்குப் பெட்டி குனிந்து சில்லைத் தட்டிக்கொண்டு போவார். நல்ல சில்லு மணிபோல ஒலிக்கும். வெடித்தது 'டொக்' என்று செத்த குரலில் பதில் சொல்லும். பிரித்தானியர் ரயில் ஓட்டிய நாடுகளிலெல்லாம் இந்த வேலை இருந்தது.

யாழ்ப்பாணத்துக் கார்களும் இந்த இரும்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகியவற்றின் றிம் அழுத்தி எடுத்த உருக்குத் தகடு. குழியில் விழுந்தால் நெளியும், உடையாது. மரக்கட்டையில் வைத்துத் தட்டினால் பெரும்பாலும் திரும்பி வரும். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது விழுந்த பொருளாதாரத் தடை அந்தக் கார்களுக்கு இன்னொரு ஆயுளைக் கொடுத்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். எதையும் எறியாமல் எதையும் திருத்துவது அங்கே பொழுதுபோக்கு அல்ல. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு இருந்த ஒரே வழி. கராச் வாசலில் "தட்டி எடுக்கலாம்" என்று சொல்லும் அந்த மூத்தவரின் பின்னால் இந்த ஆண்டுகள் நிற்கின்றன. அவர் சொல்வதைச் சிரித்துத் தள்ள என்னால் முடியாது. ஆனால் அவர் கை கற்ற பாடம் இரும்பின் பாடம்.

சட்டியாக வந்த அலுமினியம்

அலுமினியத்தைப் பற்றியும் நமக்கு ஒரு பழைய பாடம் உண்டு. அது அடுப்படியிலிருந்து வந்தது.

1886 வரை அலுமினியம் அரிய பொருள். அந்த ஆண்டில் அமெரிக்காவில் சார்ல்ஸ் ஹோலும் பிரான்ஸில் போல் ஹெரூவும் ஒருவரையொருவர் அறியாமல், மின்சாரத்தால் அதைப் பிரித்தெடுக்கும் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். விலை சரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அது சென்னைக்கு வந்துவிட்டது. அங்கே பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த அல்பிரட் சாட்டர்டன், கலைக் கல்லூரியின் பொறுப்பையும் ஏற்றிருந்தபோது, 1898இல் அதன் பட்டறைகளில் அலுமினியப் பாத்திரம் செய்யும் பிரிவைத் தொடங்கினார். அந்தக் கலைக் கல்லூரிதான் இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. பித்தளையிலும் செம்பிலும் புளி பட்டால் கெடும். அதனால் அடிக்கடி ஈயம் பூச வேண்டும். அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, பாரமும் மூன்றில் ஒன்று. கன்னாரின் சுத்தியலும் பட்டறையும் கொஞ்சம் மாற்றினால் இந்தப் புது உலோகத்துக்கும் போதும் என்பது சாட்டர்டனின் கணக்கு. கணக்குப் பலித்தது. 1903இல் அந்தப் பிரிவை, வழக்கறிஞர் ஏர்ட்லி நார்ட்டன் தொடர்புகொண்டிருந்த இந்தியன் அலுமினியம் கம்பெனி வாங்கிக்கொண்டது. இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலின் தொடக்கங்களில் இது முக்கியமானது.

அடுத்த மூன்று தலைமுறைக்குத் தமிழர் அறிந்த அலுமினியம் இதுதான்: சோற்றுப் பானை, தேநீர்க் கேத்தல், தூக்குச் சட்டி. விழுந்தால் சொட்டை விழும், உள்ளே கட்டை கொடுத்துத் தட்டினால் வெளியே வரும். தெருவில் கூவிக்கொண்டு வருகிறவரே செய்துவிடுவார். அதனால் 'அலுமினியம் மெதுவான உலோகம், தட்டினால் கேட்கும்' என்பது நமக்கு அனுபவ அறிவாகிவிட்டது. பானையைப் பொறுத்தவரை அது உண்மை. பானை ஏறக்குறையத் தூய அலுமினியம். கார்ச் சில்லு அப்படியல்ல.

ஆள் இல்லாத பொழுதில் இறுகியது

சில்லின் அலுமினியம் பெர்லினுக்கு அருகே ஓர் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. அல்பிரட் வில்ம் என்ற ஜெர்மன் உலோகவியலாளர், உருக்கைச் சூடாக்கி நீரில் தோய்த்தால் இறுகுவதுபோல அலுமினியமும் இறுகுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். செம்பும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தோய்த்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வார விடுமுறை கழித்து வந்து மீண்டும் அளந்தபோது அதே துண்டு மிகக் கடினமாகியிருந்தது. யாரும் தொடவில்லை, மேசையில் கிடந்தபடியே இறுகியிருந்தது. இது 1906இல் நடந்தது என்பார்கள். 1909இல் உரிமம் பெற்ற அந்தக் கலவைதான் டியூராலுமின். செப்பலின் ஆகாயக் கப்பல்களின் எலும்புக்கூடு அதனால் ஆனது.

ஏன் இறுகுகிறது என்பதற்கு 1919இல் அமெரிக்காவில் மெரிக்காவும் அவருடைய கூட்டாளிகளும் விளக்கம் தந்தார்கள். சூட்டில் கரைந்த கலவைப் பொருட்கள், திடீரென்று குளிர்ந்ததும் வெளியேற வழியின்றி அகப்பட்டுக்கொள்கின்றன. பிறகு மெல்ல மெல்ல, கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளாகத் திரள்கின்றன. அந்த மணிகளே உலோகத்தின் அடுக்குகள் வழுக்காமல் தடுக்கின்றன. 1938இல் பிரான்ஸில் கினியேயும் இங்கிலாந்தில் பிரஸ்டனும் எக்ஸ் கதிரால் அவற்றின் தடயத்தைத் தனித்தனியே கண்டார்கள். வில்ம் கண்டபின் முப்பது ஆண்டுகளுக்கு மேல், உலகம் அந்த உலோகத்தில் பறந்துகொண்டிருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே.

கார்ச் சில்லுக்கு இந்த வழி தாமதமாகத்தான் வந்தது. 1924 ஓகஸ்ட் 3ஆம் திகதி லியோனில் நடந்த கிராண்ட் பிறீ பந்தயத்தில் எத்தோரே புகாட்டி தன் 'டைப் 35' கார்களை வார்ப்பு அலுமினியச் சில்லுகளோடு இறக்கினார். அன்று அவரைக் கவிழ்த்தது ரயர், சில்லு தாங்கியது. 1960களில் போர்ஷே 911க்கு ஃபுக்ஸ் நிறுவனம் அடித்துச் செய்த அலுமினியச் சில்லைக் கொடுத்தது. அதன்பின் வார்ப்புச் சில்லு சாதாரணக் கார்களுக்கும் இறங்கி வந்தது.

இன்றைய சாதாரண வார்ப்புச் சில்லில் பெரும்பாலும் அலுமினியத்தோடு ஏழு வீதம் சிலிக்கனும் அரை வீதத்துக்கும் குறைவான மக்னீசியமும் இருக்கும். வார்த்தவுடன் அது சில்லுக்குப் போதுமான வலிமை பெறுவதில்லை. ஏறத்தாழ 540 பாகையில் சில மணிநேரம் வைத்து, நீரில் தோய்த்து, பிறகு 150 முதல் 180 பாகைக்குள் மீண்டும் சில மணிநேரம் மெதுவாகச் சுட வேண்டும். தொழிற்சாலைகளில் இதற்கு 'டி 6' என்று பெயர். ஆக, சில்லின் வலிமை அதன் தடிப்பில் மட்டும் இல்லை. அது எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்ற வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாறு வெளியே தெரியாது. வலிமையான சில்லும் வலிமை இழந்த சில்லும் ஒரே வெள்ளியாகத்தான் மின்னும்.

இங்கேதான் கொல்லரின் கண் கைவிடுகிறது. இந்தக் கலவை 555 பாகையை அண்டி உருகத் தொடங்கிவிடும். அதுவரை பகல் வெளிச்சத்தில் சிவக்காது, நிறமே மாறாது. சுடுகிறவருக்கு அது முதலில் ஒன்றும் சொல்லாமல் இருந்து, பிறகு ஒரே அடியாக இடிந்து விழும். பழைய தகட்டு வேலைக்காரர்கள் இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். அலுமினியத்தில் சவர்க்காரத்தால் கோடு இழுத்துவிட்டுச் சூடாக்குவார்கள். கோடு கறுத்தால் போதும், சுடுவதை நிறுத்தலாம். அருமையான தந்திரம். ஆனால் அது சொல்வது, உலோகம் மெதுவாகிவிட்டது, இப்போது வளைக்கலாம் என்பதை. மீண்டும் அதை இறுகவைக்கும் தந்திரம் எந்தச் சவர்க்காரத்திலும் இல்லை.

மனுகாவ் கரையில்

பிளாக்ஹவுஸ் பே என்ற பெயர் 1860இல் இங்கே கட்டிய காவல் அரணிலிருந்து வந்தது. நியூசிலாந்துப் போர்களின் காலம். தெற்கிலிருந்து மாவோரிப் படை துறையைக் கடந்து வரக்கூடும் என்று ஆக்லாந்து அஞ்சியது. அதற்கு மிக முந்தியே இந்த இடம் ஒரு போக்குவரத்து முடிச்சு. வடக்கே வைத்தமத்தா துறை, தெற்கே மனுகாவ் துறை. இடையே ஒடுங்கிய நிலம். மாவோரியர் ஃபாவு ஆற்றின் வழியே வந்து, வாக்காக்களை நிலத்தில் இழுத்து மறுதுறையில் இறக்கினார்கள். போர்ட்டேஜ் ரோட் என்ற பெயர் அந்த இழுப்பின் நினைவு. சில்லு இந்த மண்ணுக்கு ஐரோப்பியரோடு வந்தது.

அலுமினியமும் பிறகு இந்நாட்டின் கதையாயிற்று. தென்கோடியில் தீவாய் முனை உருக்காலை 1971இல் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் மானபூரி ஏரியிலிருந்து வருகிறது. அந்த ஏரியின் நீர்மட்டத்தை உயர்த்தக் கூடாது என்று 1970இல் 2,64,907 பேர் கையெழுத்திட்டார்கள். இந்நாட்டின் சுற்றுச்சூழல் இயக்கம் எழுந்து நின்றதில் அலுமினியத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பிளாக்ஹவுஸ் பே பார்க்கும் அதே மனுகாவ் துறையின் கிழக்குப் பக்கம், விரியில், 1980களில் ஃபோர்ட் நிறுவனம் அலாய்ச் சில்லு வார்க்கும் ஆலையொன்றை நடத்தி ஏற்றுமதியும் செய்தது. பின்னாளில் அது கைமாறி மூடப்பட்டது. நாட்டின் கார் பொருத்தும் ஆலைகளும் 1998உடன் முடிந்தன.

அதற்குள் ஜப்பானியப் பழைய கார்கள் வெள்ளமாக வந்துவிட்டன. 1980களின் பிற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. அதே காலத்தில்தான் நாமும் வந்தோம். 1987ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் எந்த நாட்டவர் என்று பார்ப்பதைக் கைவிட்டது. 1991இல் புள்ளி முறை வந்தது. 1983க்குப் பின் சிதறிய ஈழத்தமிழரும், தமிழ்நாட்டிலிருந்தும் பீஜியிலிருந்தும் வந்தவர்களும் ஆக்லாந்தில் இறங்கி முதலில் வாங்கியது பெரும்பாலும் ஒரு ஜப்பானியப் பழைய கார். அதில் நாம் ஊரில் காணாத ஒன்று இருந்தது: அலுமினியச் சில்லு.

உங்கள் கார் ஜப்பானிலிருந்து வந்ததானால் சில்லைக் கழுவிவிட்டுப் பாருங்கள். ஆரத்திலோ உட்புறத்திலோ 'ஜே டபிள்யூ எல்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வார்ப்பிலேயே இருக்கும். ஜப்பானிய இலகு உலோகச் சில்லுத் தரத்தின் முத்திரை அது. வளைத்து வளைத்துச் சுழற்றுவது, பாரம் ஏற்றி உருட்டுவது, மேலிருந்து எடையைப் போட்டு மோதுவது ஆகிய சோதனைகளில் அந்த வடிவமைப்புத் தேறியிருக்கிறது என்று பொருள். சோதித்தது ஆலையிலிருந்து வந்தபடியே உள்ள சில்லை. பிறகு ஒருவர் கராச்சில் சுட்டுத் தட்டிய சில்லிலும் அந்த எழுத்துகள் அப்படியே இருக்கும். ஆனால் அந்தச் சாட்சி இப்போது வேறொரு சில்லைப் பற்றியது.

தோலும் எலும்பும்

1842இல் பிரான்ஸில் வெர்சாயில் இருந்து பாரிஸ் திரும்பிய ரயில் தடம்புரண்டு பெருந்தீயில் பலர் இறந்தார்கள். இயந்திரத்தின் அச்சு முறிந்ததே காரணம். அதன்பின் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வேப் பொறியியலாளர் அச்சுகளைப் பல ஆண்டுகள் சுழற்றிச் சுழற்றி ஆராய்ந்தார். ஒருமுறை தாங்கும் பாரத்தை இலட்சம் முறை தாங்க முடியாமல் உலோகம் களைத்துப் போகும் என்று காட்டினார். உருக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு: குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பாரம் இருந்தால் அது நெடுங்காலம் களைக்காது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சிறிய பாரமும் போதிய தடவை வந்தால் வெடிப்பைத் தொடக்கிவிடும்.

சாதாரணக் காரின் ரயர் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 500 தடவை சுற்றும். ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஐந்து கோடி. பழைய கார் ஒன்று நம் கைக்கு வரும்போதே அந்தக் கணக்கின் பெரும்பகுதி முடிந்திருக்கலாம். நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் அது வினாடிக்கு 14 தடவை சுற்றுகிறது. கராச் வாசலில் கேட்ட கேள்வியை இந்த எண்களுக்கு முன்னால் வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

என் பதில் இது: தோலுக்குக் கை போதும், எலும்புக்குப் போதாது.

தோல் என்பது பூச்சும், கொங்கிரீட் விளிம்பில் உரசி வந்த மேற்கீறலும். அதைக் கையால் சீராக்குவதில் சில்லின் பலத்துக்குக் கேடில்லை. கழுவி, எண்ணெய்ப்பசை எடுத்து, கரடான தாளில் தொடங்கி நுண்மையான தாள்வரை தேய்த்து, சிறு பள்ளத்தை நிரப்பி, அடிப்பூச்சு, நிறம், மேற்பூச்சு என்று போகலாம். ஒரு சனிக்கிழமை வேலை. ஆனால் கை வைக்கக் கூடாத இடங்கள் உண்டு: ரயர் இருந்து காற்றைப் பிடிக்கும் உள்விளிம்பு, நட்டு இறுகும் துளைகள், அச்சோடு பொருந்தும் முகம். அங்கே தேய்த்தால் குறைவது உலோகம், பூச்சு அல்ல. தேய்க்கும்போது மூக்கை மூடுங்கள். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பூச்சில் ஐசோசயனேட் இருக்கும். அது ஆஸ்துமாவைத் தரக்கூடியது. சாதாரணத் துணிமுகக்கவசம் அதைத் தடுக்காது. உரிய காற்றுக்கவசம் இல்லாவிட்டால் ஒரு பாகப் பூச்சோடு நின்றுகொள்வது நல்லது.

எலும்பு என்பது நெளிவும் வெடிப்பும். நெளிந்த விளிம்பைக் குளிராகத் தட்டினால் இறுகிய உலோகம் மீண்டும் வளைய மறுத்து வெடிக்கும்; சிலவேளை கண்ணுக்குத் தெரியாத அளவில். வெடிக்காமலிருக்கச் சுடரைப் பிடித்தால், 200 பாகையைத் தாண்டும்போது வில்மின் நுண்மணிகள் திரண்டு பெருத்துப் பயனற்றுப் போகின்றன. உலோகம் வளைந்து கொடுக்கும். அதன் வலிமை திரும்பாது. வெடிப்பை வெல்டிங்கில் ஒட்டினால் ஒட்டிய கோடு உறுதியாகவே தோன்றும். அதைச் சுற்றிய உலோகம் உருகியும் வெந்தும் 'டி 6' வரலாற்றை இழந்திருக்கும். அடுத்த வெடிப்பு அந்தப் பக்கத்திலிருந்து வரும். பல கார் நிறுவனங்கள் சூடாக்கிய, நிமிர்த்திய, ஒட்டிய சில்லுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்கின்றன. ஆரக்காலில் நெளிவோ வெடிப்போ இருந்தால் கடையிலும் கொடுக்க வேண்டாம், கராச்சிலும் தொட வேண்டாம். உள்விளிம்பின் சிறு நெளிவை அழுத்திகளும் அளவுமானிகளும் வைத்து நிமிர்த்தித் தரும் பட்டறைகள் உண்டு. அங்கே கொடுப்பவர்கள் கேட்க வேண்டியது, நிமிர்த்தியபின் சாயம் ஊடுருவச் செய்து வெடிப்புப் பார்த்தீர்களா என்பதை.

தோல் வேலைக்கும் ஒரு பொறி இருக்கிறது. அலுமினியம் நிறத்தால் எதுவும் சொல்லாது. காது நம்பி வாழ்ந்த ரயில் சுத்தியலும் ரயர் மாட்டிய சில்லில் பயன்படாது. அது நமக்குத் தரும் எச்சரிக்கை மூன்றுதான்: மெல்லிய வெடிப்புக் கோடு, மெதுவாக இறங்கும் காற்று, ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். கோட்டின்மேல் நிரப்பி, மினுங்கப் பூசிவிட்டால் முதலாவது சாட்சியின் வாயைக் கட்டிவிடுகிறோம். 1937 முதல் இந்நாட்டில் நடைமுறையில் இருக்கும் 'வாரன்ட் ஒஃப் ஃபிட்னஸ்' பரிசோதனையில் வெடித்த சில்லு தேறாது. ஆனால் பரிசோதகர் கண்ணால் பார்க்கிறவர். ரயரை உரித்துப் பார்ப்பதில்லை. நாம் பூசி மறைத்ததை அவர் காண மாட்டார். அதனால் தேய்க்கத் தொடங்குமுன் சில்லைக் கழற்றி, உட்புறத்தையும் கழுவி, வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதே இந்த வேலையில் முக்கியமான பகுதி. கோடு கண்டால் தாளையும் தூரிகையையும் எடுத்து வைத்துவிடலாம்.

அதற்குப் பதில் எப்போதும் புதுச் சில்லுதான் என்பதும் இல்லை. பழைய கார் உடைக்கும் முற்றங்களில் அதே அளவில் நேரான சில்லு கிடைக்கும். சாதாரண உருக்குச் சில்லு இன்னும் மலிவு. துளைகளின் இடைவெளியும் அகலமும் உள்ளமைவும் உங்கள் காருக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து மாட்டினால் அழகு குறையும், பயணம் குறையாது. மொறிஸ் மைனரில் ஊரைச் சுற்றியவர்களுக்கு இது புதிதுமல்ல.

உடைந்த மணி

கராச் வாசலில் பேசுகிற மூத்தவருக்கு இதில் ஒரு வலி இருப்பதை நான் அறிவேன். திருத்தத் தெரிந்தவர் என்பது அவருடைய மானம். தடைக்காலத்தில் ஒரு ஊரையே ஓடவைத்த கை, இங்கே "எறி, புதுசு வாங்கு" என்பதைக் கேட்டு அடங்க வேண்டியிருக்கிறது. வாடகையும் பிள்ளைகளின் செலவும் போக மிஞ்சுவதில் நான்கு சில்லு வாங்குவது சிறிய காரியமும் அல்ல. அதனால் திருத்தாதே என்று சொல்வதோடு என் பேச்சை நிறுத்த எனக்கு விருப்பமில்லை.

நியூசிலாந்தில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய தமிழ் உலோகப் பொருள் ஒன்று உண்டு. 1836 அளவில் ஃபங்காரெய் பக்கத்தில் பாதிரியார் வில்லியம் கொலென்சோ அதைக் கண்டார். முகையதீன் என்பவரின் கப்பல் மணி என்று தமிழில் பொறித்த வெண்கலத் துண்டு; இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பது பற்றிப் பலரும் பலவாறு எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதன் பிற்கால வாழ்க்கை பிடிக்கும். கொலென்சோ பார்த்தபோது மாவோரியர் அதைக் கவிழ்த்துப் பிடித்து உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த மணி ஒலிக்காது. அதை ஒலிக்கவைக்க அவர்கள் முயலவில்லை. அதனால் தாங்கக்கூடிய வேலையைக் கொடுத்தார்கள்.

உடைந்த ஒன்றைப் பழைய வேலைக்கே திருப்பி அனுப்புவது திருத்தலின் ஒரு வகை. அது தாங்கக்கூடிய வேலையைக் கண்டுபிடிப்பது இன்னொரு வகை; அதற்கும் கை வேண்டும், அறிவும் வேண்டும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைச் சுற்றிவைக்க ஒரு வெடித்த சில்லு நன்றாகவே உதவும். மற்றவை பழைய உலோகம் வாங்குகிறவரிடம் போகட்டும். பாக்சைட்டிலிருந்து புதிதாக எடுக்கச் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ ஐந்து வீதம் போதும், பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்க. மானபூரி ஏரிக்காகக் கையெழுத்திட்டவர்களுக்கு இந்தக் கணக்குப் பிடிக்கும்.

உலை 700 பாகையைத் தாண்டும்போது நெளிவும் வெடிப்பும் களைப்பும் எல்லாம் கரைந்துபோகும். அந்த உலோகத்துக்குக் கடந்த காலமே இருக்காது. பிறகு யாரோ அதை மீண்டும் வார்த்து, தோய்த்து, பொறுமையாகச் சுட்டு, புதிய வரலாறு ஒன்றை அதற்குக் கொடுப்பார்கள். அலுமினியச் சில்லுக்கு முழுமையான திருத்தம் என்றால் அது ஒன்றுதான். அதைச் செய்யும் நெருப்பு நம் கராச்சில் இல்லை.